படிக்கும் விதமும் பெறும் மதிப்பெண்ணும்

1970களின் நடுப்பகுதியில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஃபெரன்ஸ் மார்ட்டன், ரோஜர் செல்யோ என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களை அழைத்து ஒரு கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்து முடித்ததும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்தார்கள். மாணவர் எத்தனை தகவல்களை நினைவில் வைத்திருக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பதே அதுவரை இத்தகைய சோதனைகளின் வழக்கம். இவர்களோ, கட்டுரை சொல்ல வந்தது என்ன என்று மாணவர் புரிந்துகொண்டார் என்பதையும், அந்தப் புரிதலுக்கு அவர் எப்படிப் படித்து வந்து சேர்ந்தார் என்பதையும் கேட்டறிந்தார்கள். 1976இல் வெளியான இந்த ஆய்விலிருந்துதான் கற்றலில் ஆழ்நிலை அணுகுமுறை என்றும் மேலோட்ட அணுகுமுறை என்றும் இரண்டு உண்டு என்ற பாகுபாடு உலகெங்கும் பரவியது.

அவர்கள் கொடுத்த கட்டுரை ஸ்வீடன் பல்கலைக்கழகங்களின் தேர்ச்சி விகிதத்தைப் பற்றியது என்பது தற்செயலாக அமைந்த வேடிக்கை. மொத்தத் தேர்ச்சி விகிதம் குறைவு என்பதற்காக எல்லா மாணவர்களுக்கும் ஒரே சீர்திருத்தத்தைக் கொண்டுவருவது சரியல்ல. மாணவர் குழுக்களுக்கிடையே தேர்ச்சியில் பெரிய வேறுபாடு இருப்பதால், பின்தங்கிய குழுக்களுக்கு மட்டும் தனி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் வாதம். படித்த மாணவர்கள் இந்த வாதத்தை நான்கு விதமாகத் திருப்பிச் சொன்னார்கள். சிலர் 'பின்தங்கிய குழுக்களுக்கு மட்டும் நடவடிக்கை வேண்டும்' என்று கருத்தின் மையத்தையே பிடித்தார்கள். சிலர் 'வெவ்வேறு குழுவுக்கு வெவ்வேறு நடவடிக்கை' என்றார்கள். இன்னும் சிலருக்கு 'ஏதோ நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்ற அளவில் நின்றது. கடைசிப் படியில் இருந்தவர்கள், 'குழுக்களுக்கிடையே வேறுபாடு இருக்கிறது' என்பதோடு முடித்துக்கொண்டார்கள். நான்கு விடைகளில் எதுவும் தவறான தகவல் அல்ல. ஆனால் கடைசி விடையைச் சொன்னவர், வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டதையே வாதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டபோது இந்த வேறுபாட்டுக்கான காரணம் தெரியவந்தது. ஒரு பிரிவினர், கேள்வி வரும் என்ற நினைப்பிலேயே, கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் மனத்தில் நிறுத்திக்கொள்ள முயன்றிருந்தார்கள்; அவர்களுடைய கவனம் தாளில் இருந்த சொற்களின் மேல் இருந்தது. மறு பிரிவினர், இதை எழுதியவர் எதை நிறுவ முயல்கிறார், அதற்கு இந்த எண்கள் எப்படி உதவுகின்றன என்று தேடியிருந்தார்கள். அவர்களுடைய கவனம் சொற்களைக் கடந்து அவை சுட்டிய பொருளின் மேல் இருந்தது. முதல் வகையினர் பெரும்பாலும் கீழ்ப்படிகளிலும், இரண்டாம் வகையினர் பெரும்பாலும் மேற்படிகளிலும் இருந்தார்கள். நினைவில் வைக்கவேண்டும் என்றே குறியாக இருந்தவர்களுக்குக் கட்டுரையின் மையமே நினைவில் தங்கவில்லை.

இதை ஒரு பாடப்பகுதியில் பொருத்திப் பார்த்தால் எளிதாகும். பொருளியல் முதலாண்டில் 'தேவையின் விலை நெகிழ்ச்சி' என்ற தலைப்பு வரும். விலை மாறும்போது மக்கள் வாங்கும் அளவு எந்த விகிதத்தில் மாறுகிறது என்பதை அளப்பது அது. மேலோட்ட அணுகுமுறையில் படிக்கும் மாணவர் வரையறையையும் சூத்திரத்தையும் ஐந்து வகை நெகிழ்ச்சிகளின் பெயர்களையும் அவற்றின் வரைபடங்களையும் வரிசை மாறாமல் உருப்போடுகிறார். ஆழ்நிலை அணுகுமுறையில் படிப்பவரும் இவற்றைப் படிக்கத்தான் செய்கிறார். ஆனால் நடுவே, உப்பின் விலை இருமடங்கானால் நம் வீட்டில் உப்புப் போடுவதைப் பாதியாகக் குறைப்போமா என்று கேட்டுப் பார்க்கிறார். குறைக்கமாட்டோம் என்று தெரிந்ததும், அப்படியானால் வரி போடும் அரசுக்கு உப்பு எவ்வளவு வசதியான பொருள் என்பது அவருக்குப் புரிகிறது. 1930இல் தண்டியிலும் வேதாரணியத்திலும் காய்ச்சிய உப்பைப் பற்றிப் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் படித்தது, இப்போது பொருளியல் பாடத்தோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. வரியைத் தவிர்க்கவே முடியாத பரம ஏழைக்கும் அது சுமையாக இருந்ததற்குக் காரணம், உப்பின் தேவை நெகிழாதது என்பதுதான். புதியதைப் பழையதோடு இணைப்பது, சான்றை முடிவோடு பொருத்திப் பார்ப்பது, ஆசிரியர் சொன்னதைத் தன் அனுபவத்தில் உரசிப் பார்ப்பது ஆகிய இவையே ஆழ்நிலை அணுகுமுறையின் அடையாளங்கள்.

ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் பணியாற்றிய ஜான் பிக்ஸ் இந்தப் பாகுபாட்டில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார். ஒவ்வொரு அணுகுமுறையிலும் நோக்கம் ஒன்றும் உத்தி ஒன்றும் சேர்ந்தே இருக்கின்றன என்றார் அவர். பாடத்தின் மேல் உண்மையான ஆர்வம் இருப்பவர், பொருளைத் துருவும் உத்தியைத் தானாக நாடுகிறார். அரியர் விழாமல் கரையேறினால் போதும் என்ற அச்சத்தில் இருப்பவர், குறைந்த அளவில் எதை உருப்போட்டால் தேறலாம் என்று கணக்குப் பார்க்கும் உத்தியை நாடுகிறார். ஆகவே 'புரிந்து படி' என்று அறிவுரை கூறுவதனால் மட்டும் உத்தி மாறிவிடுவதில்லை. அடியில் உள்ள நோக்கம் மாறாதவரை மாணவர் பழைய வழிக்கே திரும்புவார்.

இங்கே ஒரு தவறான புரிதலை விலக்கிவிட வேண்டும். மேலோட்ட அணுகுமுறை என்றதும் சோம்பேறி மாணவர் ஒருவரை மனம் கற்பனை செய்துகொள்கிறது. உண்மையில், விடிய விடிய விழித்து நூறு பக்கம் நெட்டுருப் போடுபவர், பாடத்தைப் புரிந்துகொண்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுபவரைவிடக் கூடுதலாகவே உழைக்கிறார். உழைப்பின் அளவு வேறு, உழைப்பு எதன் மேல் செலவாகிறது என்பது வேறு. அதேபோல, ஆழ்நிலை மாணவர், மேலோட்ட மாணவர் என்று இரண்டு பிறவிகள் இல்லை. ஒரே மாணவி புள்ளியியலில் சூத்திரங்களை மட்டும் உருப்போட்டுவிட்டு, தனக்குப் பிடித்த உளவியலில் ஆழமாக இறங்கலாம்; அதே உளவியலிலும் தேர்வுக்கு மூன்று நாள் முன்பு உருப்போடத் தொடங்கலாம். அணுகுமுறை என்பது இரத்த வகையைப் போல் ஒருவரோடு ஒட்டிப் பிறப்பது அன்று. மாணவருக்கும் அவர் முன் வைக்கப்பட்ட வேலைக்கும் இடையில் உருவாவது.

இதைக் கோத்தன்பர்க் ஆய்வாளர்களே சோதித்துப் பார்த்தார்கள். அடுத்த ஆய்வில், ஒரு நூலின் சில பகுதிகளை மாணவர்களுக்குக் கொடுத்து, பகுதிக்குப் பகுதி இடையில் கேள்விகள் வைத்தார்கள். ஒரு குழுவுக்குச் சிறு சிறு தகவல்களைக் கேட்டார்கள். மற்றொரு குழுவுக்கு வாதத்தின் போக்கைக் கேட்டார்கள். தகவல் கேள்வி பெற்றவர்கள் எதிர்பார்த்தபடியே மேலோட்டமாகப் படிக்கத் தொடங்கினார்கள். வாதத்தைக் கேட்ட குழுவில்தான் எதிர்பாராதது நடந்தது. அவர்களில் சிலர் உண்மையில் ஆழமாகச் சென்றார்கள். வேறு சிலரோ, ஒவ்வொரு பகுதிக்கும் சுருக்கம் கேட்பார்கள் என்பதைக் கண்டுகொண்டு, ஒரே மூச்சில் ஒப்பிக்கத்தக்க சுருக்கத்தைத் தயாரிப்பதையே வேலையாக்கிக்கொண்டார்கள். ஆழத்தை வரவழைக்க வைத்த கேள்வியே ஒரு சடங்காகிவிட்டது. மாணவரை மேலோட்டத்துக்குத் தள்ளுவது எளிது, ஆழத்துக்கு இழுப்பது கடினம் என்பதை இந்தத் துறை அன்று முதல் மீண்டும் மீண்டும் கண்டுவருகிறது.

தள்ளுவது எது? பிரிட்டனில் நோயல் என்ட்விசிலும் பால் ராம்ஸ்டனும் பல பல்கலைக்கழகத் துறைகளில் நடத்தி 1983இல் நூலாக வெளியிட்ட பெரிய ஆய்வில், பாடச்சுமை மிகுதி என்று மாணவர்கள் உணர்ந்த துறைகளில் மேலோட்டப் போக்கு மிகுந்திருந்தது. கற்பித்தல் நன்றாக இருக்கிறது, எதை எப்படிப் படிப்பது என்பதில் ஓரளவு சுதந்திரம் இருக்கிறது என்று உணர்ந்த துறைகளில் ஆழ்நிலைப் போக்கு மிகுந்திருந்தது. ஆசிரியரின் போக்குக்கும் பங்கு உண்டு. 1999இல் கீத் டிரிக்வெல், மைக்கேல் ப்ராசர், ஃபியோனா வாட்டர்ஹவுஸ் ஆகியோர் 48 அறிவியல் வகுப்புகளில் 3,956 மாணவர்களை ஆராய்ந்தபோது, பாடத்தை மாணவருக்குள் கொட்டுவதே தன் வேலை என்று கருதிய ஆசிரியர்களின் வகுப்புகளில் மேலோட்டப் படிப்பு கூடுதலாக இருந்தது தெரிந்தது. ஐந்து யூனிட்டையும் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் ஓடும் வகுப்பை அனுபவித்தவருக்கு இதில் வியப்பு இராது.

இந்த இரண்டோடு மூன்றாவதாக ஓர் அணுகுமுறையும் பேசப்படுகிறது. அதை உத்திசார் அணுகுமுறை என்று வைத்துக்கொள்ளலாம். உச்ச மதிப்பெண் பெறுவதே குறி. அதற்காக நேரத்தைத் திட்டமிடுவது, பழைய வினாத்தாள்களை அலசுவது, எந்தப் பேராசிரியர் எதை விரும்புகிறார் என்று மோப்பம் பிடிப்பது, தேவைப்படும் இடத்தில் ஆழமாகவும் தேவைப்படாத இடத்தில் மேலோட்டமாகவும் படிப்பது என்று இது இயங்கும். 1974இல் வெளியான ஆய்வொன்றில், எடின்பரோவில் மில்லர், பார்லெட் ஆகிய இருவர் இறுதியாண்டு மாணவர்களைப் பேட்டி கண்டு அவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். தேர்வில் என்ன வரும் என்பதற்கான குறிப்புகளை ஆசிரியர்களிடம் வலியச் சென்று கறந்தவர்கள் ஒரு வகை. குறிப்புகள் காதில் விழுந்தால் கவனித்துக்கொண்டவர்கள் இன்னொரு வகை. குறிப்பு என்று ஒன்று இருப்பதையே அறியாமல், எல்லாவற்றையும் படித்துவிட்டால் போதும் என்று நம்பியவர்கள் மூன்றாவது வகை. பட்டத்தில் உயர்ந்த தரம் பெற்றவர்கள் பெரும்பாலும் முதல் வகையினர். மூன்றாம் வகையினரின் நிலைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அவர்கள் உழைப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர், ஆட்டத்தின் விதிகளை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஒருவரின் அணுகுமுறையை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் அடுத்து வரும் எண்கள் எல்லாம் இந்த அளவீட்டின் மேல்தான் நிற்கின்றன. பிக்ஸ், டேவிட் கெம்பர், டோரிஸ் லியுங் ஆகிய மூவரும் 2001இல் வெளியிட்ட திருத்திய வினாநிரலில் 20 கூற்றுகள் உள்ளன. அவற்றில் 10 ஆழ்நிலையையும் 10 மேலோட்ட நிலையையும் அளக்கின்றன. ஒவ்வொரு பத்திலும் ஐந்து நோக்கத்தையும் ஐந்து உத்தியையும் குறிக்கின்றன. படிப்பது சில சமயம் ஆழ்ந்த மனநிறைவைத் தருகிறது என்பது போன்ற கூற்றுகளுக்கு, எனக்கு அறவே பொருந்தாது என்பதிலிருந்து எப்போதும் பொருந்தும் என்பது வரை ஐந்து படிகளில் மாணவர் குறியிட வேண்டும். கூட்டிப் பார்த்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். எளிமையான கருவிதான்; ஆனால் மாணவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பியே அது இயங்குகிறது. வகுப்பாசிரியர் விநியோகித்த தாளில், நான் விதியே என்று படிக்கிறேன் என்று குறியிட எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். ஆழமாகப் படித்தால் கூடுதல் மதிப்பெண் கிடைக்குமா என்ற கேள்விக்குக் கிடைத்த மிக விரிவான விடைகளுள் ஒன்று, மிஷல் ரிச்சர்ட்சன், சார்ல்ஸ் ஏப்ரகாம், ராட் பாண்ட் ஆகியோர் 2012இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 1997 முதல் 2010 வரை வெளியான ஆய்வுகளைத் திரட்டி, பல்கலைக்கழக மாணவர்களின் மதிப்பெண் சராசரியோடு எவையெவை எந்த அளவுக்குத் தொடர்புடையவை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இந்தத் தொடர்பை ஒட்டுறவுக் கெழு என்ற எண்ணால் குறிப்பார்கள். அது 0 என்றால் இரண்டுக்கும் நேர்கோட்டுத் தொடர்பே இல்லை; 1 என்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதைப் பிழையின்றிச் சொல்லிவிடலாம்; எதிர்க்குறி இருந்தால் ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது. ரிச்சர்ட்சன் குழுவின் கணக்கில் ஆழ்நிலை அணுகுமுறைக்கு 0.14, மேலோட்ட அணுகுமுறைக்கு எதிர்க்குறியில் 0.18, உத்திசார் அணுகுமுறைக்கு 0.23 கிடைத்தன.

இந்த எண்கள் சிறியவை. 0.14 என்பதை வர்க்கப்படுத்தினால் சுமார் 0.02 வரும்; அதாவது மாணவர்களின் மதிப்பெண்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே ஆழ்நிலை அணுகுமுறையின் ஏற்றத்தாழ்வோடு ஒத்துப்போகிறது. வேறு விதமாகப் பார்க்கலாம். ஒரு பெரிய வகுப்பை ஆழ்நிலை அளவின்படி மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரித்து, மேல்பாதியிலிருந்து 100 பேரை எடுத்தால், மதிப்பெண்ணிலும் மேல்பாதியில் இருப்பவர்கள் அவர்களில் 54 அல்லது 55 பேர்தான். நாணயத்தைச் சுண்டினாலே 50 பேர் கிடைப்பார்கள். 'புரிந்து படித்தால் மதிப்பெண் தானாக வரும்' என்று மேடைகளில் சொல்லப்படுவதை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதே தொகுப்பாய்வில், இந்தப் படிப்பில் இன்ன மதிப்பெண் வாங்கிவிடுவேன் என்று மாணவர் தன் திறன் மேல் கொண்டிருந்த மதிப்பீட்டுக்கு 0.59 கிடைத்தது, சலிப்பூட்டும் வேலையிலும் கவனத்தைச் சிதறவிடாமல் முயற்சியைத் தொடரும் பண்புக்கு 0.32 கிடைத்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மூன்றில் பெரிய எண் உத்திசார் அணுகுமுறையுடையது. மேலோட்டமாகப் படிப்பதால் வரும் இழப்பு, ஆழமாகப் படிப்பதால் வரும் ஆதாயத்தைவிடச் சற்றே கூடுதலாகத் தெரிகிறது.

ஏன் இவ்வளவு சிறிய எண்? மதிப்பெண் என்பது புரிதலின் அளவு அன்று. தேர்வு எதைக் கேட்டதோ அதற்கான அளவு. ஆஸ்திரேலியாவில் கேரன் ஸ்கூலர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கல்வியியல் இரண்டாமாண்டில் இருந்த 206 மாணவர்களுக்கு ஒரே பாடத்தில் இரு விதமான மதிப்பீடு இருந்தது: வீட்டில் எழுதி வரும் கட்டுரை ஒன்று, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினாத்தாள் ஒன்று. கட்டுரைக்குத் தயாரானபோது அவர்கள் ஆழ்நிலையில் படித்தார்கள். கொள்குறித் தேர்வுக்குத் தயாரானபோது அதே மாணவர்கள் மேலோட்டத்துக்கு மாறினார்கள். கட்டுரையில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் மேலோட்டமாகப் படித்தவர்களாக இருந்தார்கள். கொள்குறித் தேர்விலோ, ஆழ்நிலை உத்திகளைக் கையாண்டதே குறைந்த மதிப்பெண்ணோடு சேர்ந்து வந்தது. ஒரே பாடம், ஒரே மாணவர்கள். தேர்வின் வடிவம் மாறியதும் ஆழம் ஆதாயத்திலிருந்து சேதாரமாகிவிட்டது. இத்தகைய பல தேர்வுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் நேரும் எதிரும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்; மிஞ்சுவது 0.14 போன்ற ஓர் எண்தான். (கொள்குறி வினா என்றாலே மேலோட்டமானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. புரிதலைச் சோதிக்கும் கொள்குறி வினாவையும் எழுத முடியும்; அதை எழுதுவது கடினம் என்பதால் அரிதாக எழுதுகிறார்கள்.)

மனப்பாடத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் மேலோட்டம் என்றால் மனப்பாடம் என்று சமன்படுத்திவிடும் வழக்கம் இருக்கிறது. மேற்கத்தியக் கல்வியாளர்களே இந்தக் குழப்பத்தில் சிக்கியிருந்தார்கள். ஹாங்காங்கிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த மாணவர்கள் ஓயாமல் மனப்பாடம் செய்வதைக் கண்ட அவர்கள், இவர்கள் மேலோட்டக் கற்றலில் ஊறியவர்கள் என்று முடிவுகட்டினார்கள். ஆனால் வினாநிரலைக் கொடுத்து அளந்தபோது, மேற்கத்திய மாணவர்களைவிட ஆழ்நிலையில் அவர்களுக்குக் கூடுதல் மதிப்பு கிடைத்தது. தேர்ச்சியிலும் அவர்கள் பின்தங்கவில்லை. சீனக் கற்போர் புதிர் என்று பெயர் பெற்ற இந்த முரணை, டேவிட் வாட்கின்சும் பிக்சும் தொகுத்து 1996இல் வெளியான நூல் விரிவாக அலசியது. அதில் மார்ட்டன் குழுவினர், சீன ஆசிரியப் பயிற்றுநர்களைப் பேட்டி கண்டு ஒரு விளக்கம் தந்தார்கள். இயந்திரம் போல் ஒப்பிக்கும் மனப்பாடம் ஒன்று உண்டு. புரிந்ததை நிலைநிறுத்தவும், திரும்பத் திரும்பச் சொல்லும்போது புதிய பொருள் புலப்படவும் துணைசெய்யும் மனப்பாடம் வேறொன்று உண்டு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

தமிழில் படித்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. பவணந்தியின் நன்னூல் பாடம் கற்கும் முறையைச் சொல்லுமிடத்தில் 'பாடம் போற்றல்' என்பதை ஒரு கூறாக வைக்கிறது. மூலத்தை மறவாமல் பலமுறை சொல்லிக் காத்தல் என்பது அதன் பொருள். ஆனால் அது தனித்து நிற்கவில்லை. கேட்டவற்றைச் சிந்தித்தல், ஆசிரியரை அடுத்துத் தெளியக் கேட்டல், உடன் கற்பவரோடு பயிலுதல், வினாதல், பிறர் வினாவியதற்கு விடையளித்தல் என்பனவும் அதே வரிசையில் உள்ளன. குறளை மனப்பாடம் செய்த சிறுவனுக்கு இருபது ஆண்டு கழித்து அதன் பொருள் உறைக்கும்போது, மனப்பாடம் வீண் போகவில்லை. தேர்வு முடிந்த மாலையே மறப்பதற்காகச் செய்யும் மனப்பாடம்தான் மேலோட்டம்.

ஆழ்ந்து படிக்கும் நோக்கம் இருந்தும் மதிப்பெண் வராமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது உத்தியின் கோளாறு. பாடத்தின் மேல் ஆர்வம் கொண்ட பலர், புத்தகத்தை மீண்டும் மீண்டும் ரசித்துப் படிப்பார்கள். ஒவ்வொரு முறையும் எல்லாம் புரிந்திருப்பது போலவே இருக்கும். அமெரிக்காவில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சிறு பகுதிகளைப் படித்தார்கள். ஒரு முறையில் பகுதியை மறுபடியும் படித்தார்கள். மற்றொரு முறையில் அதை மூடிவைத்து, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்த பகுதியில் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்த பகுதியில் 75 விழுக்காடும் நினைவுக்கு வந்தன. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: மறுபடி படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. நாளைக் காலைத் தேர்வுக்கு இன்றிரவு மறுவாசிப்புச் செய்பவர் தாம் செய்தது சரிதான் என்று நம்புவதற்கு அந்த 81 ஒரு காரணம். அடுத்த பருவத்தில் அதே பாடத்தின் தொடர்ச்சி வரும்போது ஒன்றும் நினைவில்லாமல் விழிப்பதற்கு அந்த 42 ஒரு காரணம். பொருளைத் தேடும் நோக்கமும், புத்தகத்தை மூடிவைத்துத் தன்னைத் தானே சோதிக்கும் பழக்கமும் வெவ்வேறானவை; ஒன்று இருப்பதால் மற்றது வந்துவிடுவதில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆண்டுகள் செல்லச் செல்ல மாணவர்கள் ஆழ்நிலை நோக்கி வளர்வார்கள் என்று நாம் இயல்பாக எதிர்பார்க்கிறோம். ஹென்னா அசிகைனனும் டேவிட் கெய்பெல்சும் 2017இல், மாணவர்களைக் காலப்போக்கில் தொடர்ந்து கவனித்த 43 ஆய்வுகளைச் சேர்த்து வாசித்தபோது, அப்படி ஒரு வளர்ச்சிக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சில ஆய்வுகளில் ஆழம் கூடியிருந்தது, சிலவற்றில் குறைந்திருந்தது, பலவற்றில் மாறாமல் இருந்தது. பாடத்திட்டமும் வினாத்தாளும் எதற்கு மதிப்பெண் தருகின்றனவோ அதை மாணவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இது புரியாத முடிவு அல்ல.

இதனால்தான் பிக்ஸ் தம் பிற்காலப் பணியில் மாணவரைத் திருத்துவதைவிட வினாத்தாளைத் திருத்துவதில் கூடுதல் அக்கறை காட்டினார். பாடத்தின் நோக்கம், வகுப்பில் நடப்பது, தேர்வில் கேட்பது ஆகிய மூன்றும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்பது அவர் 1990களில் வலியுறுத்திய கருத்து. அதற்கு முன்பே 1982இல், கெவின் காலிசுடன் சேர்ந்து, விடைகளின் தரத்தைப் படிப்படியாகப் பிரிக்கும் ஓர் அளவுகோலையும் அவர் வகுத்திருந்தார். பொருளைத் தொடாத விடை, ஒரே ஒரு கூறைச் சொல்லும் விடை, பல கூறுகளை உதிரியாக அடுக்கும் விடை, கூறுகளை இணைத்துக் காட்டும் விடை, இணைத்ததை வேறொரு சூழலுக்கு நீட்டிக்கும் விடை என்று அது மேலேறுகிறது.

முன்பு பார்த்த உப்பையே எடுத்துக்கொள்வோம். 'விலை நெகிழ்ச்சியின் வகைகளை விளக்குக' என்று பதினாறு மதிப்பெண்ணுக்குக் கேட்டால், உதிரியாக அடுக்கும் மூன்றாம் படி விடைக்கே முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஐந்து வகைகளையும் ஐந்து வரைபடங்களையும் பிசகாமல் இறக்கிவைத்தவர் வெளியே வந்து மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். 'உப்பின் மேல் விதித்த வரியும் பட்டுச் சேலையின் மேல் விதித்த வரியும் அரசின் வருவாயை ஒரே விதமாகப் பாதிக்குமா?' என்று கேட்டால் நான்காம் படி வேண்டும். வகைகளை அறிந்திருந்தால் மட்டும் போதாது, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். 'உங்கள் ஊரில் நகரப் பேருந்துக் கட்டணம் உயர்ந்தால் யார் பேருந்தைக் கைவிடுவார்கள், யாரால் முடியாது, அதனால் கட்டண உயர்வின் சுமை யார் மேல் விழும்?' என்று கேட்டால், கைடில் அதற்கு விடை இராது. சென்ற ஆண்டின் வினாத்தாளைப் புரட்டிப் பார்க்கும் மாணவர் இந்த மூன்றாவது கேள்வி அங்கே இருப்பதைக் கண்டால், அன்று மாலை பேருந்துக்காக நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர்களை வேறு விதமாகப் பார்ப்பார். இல்லாததைக் கண்டால், வரைபடங்களை இன்னொரு முறை வரைந்து பார்க்க உட்கார்ந்துவிடுவார்.